வெறும் வயிறு

ராத்திரி படுக்கப் போகும்போது சர்க்கரை நூற்று நாற்பத்திரண்டு. காலையில் எழுந்து பல்கூட விளக்காமல் விரலைக் குத்திப் பார்த்தால் இருநூற்றுப் பத்து. நடுவில் தூங்கியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்கிறார் மனிதர். கேட்கிறவர் கேனையராக இருந்தால் நம்பலாம். ஜோதிலட்சுமி கேனை இல்லை.

பக்தவச்சலம் அவள் கணவர். மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் இறங்கி, பேக்கரியில் தேங்காய் பன் வாங்கி, அதை ஃப்ளாட் படியேறுவதற்குள் தின்று முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருகிறவர். அது அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். பழைய கணக்கு அப்படி இருக்கும்போது புதிய சந்தேகம் முளைக்க எவ்வளவு நேரமாகும்?

“ராத்திரி எழுந்து எதையோ எடுத்துத் தின்னீங்க.”

“தண்ணி குடிச்சேன், ஜோதி. அவ்வளவுதான்.”

“தண்ணியில சர்க்கரை ஏறுமா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க.”

அவள் பூட்டு வாங்கி ஃப்ரிட்ஜுக்குப் போட்டாள். வெல்லம், பேரீச்சம்பழம், பிஸ்கட் எல்லாம் பீரோவுக்குள் போயின. எதிர் ஃப்ளாட் ரோஸி கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த பிளம் கேக்கை, அலுமினியத் தாள் பிரிக்காமல், பச்சரிசி டிரம்முக்குள் அடியில் புதைத்துவைத்தாள். பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து மகள் ப்ரியா வந்தால் கொடுக்கலாமே என்று எண்ணம். சாவி இடுப்பில். ஆனாலும் காலையில் அந்தப் பாழாய்ப்போன மிஷின் இருநூறைத் தாண்டித்தான் காட்டியது.

ராத்திரி இரண்டு சப்பாத்தி ஒன்றாயிற்று. பிறகு ஒரு டம்ளர் மோரோடு சரி. காலை அளவு இறங்குவதற்குப் பதிலாக இன்னும் கொஞ்சம் ஏறியது. அப்போதுதான் ஜோதிலட்சுமி அடுத்த காரியத்தைத் தொடங்கினாள். தாம்பரம் பாலத்துக்குக் கீழே குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களை போலீஸ்காரர் நிறுத்துவார் அல்லவா, அதே மாதிரி.

“ஊதுங்க.”

ஒரு காலத்தில் நாற்பது பேருக்கு வேலை சொன்ன மனிதர், பனியனோடு நின்று, மனைவியின் முகத்துக்கு நேரே ஊதினார். அவள் மோந்து பார்த்தாள். இனிப்பு வாடை ஒன்றும் தெரியவில்லை. வாய் கொப்பளித்திருப்பார் என்று முடிவு கட்டினாள். சந்தேகம் பிடித்தவளுக்குச் சாட்சி இல்லாததும் ஒரு சாட்சிதான். தட்டை வைத்துவிட்டு டிவி முன்னால் போய் உட்காருவதும் அந்த நாட்களில் அவளுக்கு வழக்கமாகிவிட்டது. முகத்தைப் பார்த்துப் பேசினால் இரக்கம் வந்துவிடுமோ என்ற பயம்.

ஒரு காலையில் ப்ரியாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டுவிட்டாள். “அப்பா, உண்மையைச் சொல்லிடுங்கப்பா. அம்மா அழறாங்க” என்றாள் மகள். பக்தவச்சலம் விரல் நுனியில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துப் போட்டார்.

“ஆமாம்மா. ரோஸி குடுத்த கேக்கு. அதைத்தான் எடுத்துத் தின்னேன்.”

ஜோதிலட்சுமிக்குக் கோபம் வந்தது, கூடவே ஒரு நிம்மதியும். டிரம்முக்குள் ஒளித்ததையே தேடிக் கண்டுபிடித்திருக்கிறாரே என்ற ஆத்திரத்தில் அதைத் திறந்து பார்க்கக்கூடத் தோன்றவில்லை. குற்றவாளியே ஒத்துக்கொண்ட பிறகு என்ன விசாரணை? நேராக எதிர் ஃப்ளாட்டுக்குப் போய், “இனிமே எங்க வீட்டுக்கு இனிப்பு எதுவும் குடுக்காதீங்க. உங்களாலதான் இவருக்கு ஏறுது” என்றாள். ரோஸியின் முகம் சுருங்கிவிட்டது. “சாரிக்கா, எனக்குத் தெரியாம போச்சு” என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று மதியம் கணவனை மன்னித்துவிட்ட பெருந்தன்மையில் ஜோதிலட்சுமி அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். அவரைக்காய்ப் பொரியல் இன்னொரு கரண்டி வைத்தாள். அவரும் நன்றாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை இருநூற்று ஐந்து. ஒத்துக்கொண்டால் சர்க்கரை இறங்கிவிடுமா என்ன?

வேறு வழியில்லாமல் குரோம்பேட்டையில் டாக்டர் ஜெயஸ்ரீயிடம் அழைத்துப்போனாள். ராத்திரியில் ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டதும் பக்தவச்சலம் திரும்பி மனைவியைப் பார்த்தார். எந்தப் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

“கேக் தின்னிருக்காரு டாக்டர். அவரே ஒத்துக்கிட்டாரு.”

“ஒரு நாள் கேக் சாப்பிட்டா தினமும் ஏறாதும்மா” என்றார் டாக்டர். “விடியற்காலையில எழுந்திருக்கிறதுக்கு உடம்பு தானா தயாராகும். அப்ப லிவர் தன்கிட்ட இருக்கிற சர்க்கரையை ரத்தத்துல விடும். நமக்கும் விடும், நம்ம இன்சுலின் சமாளிச்சிடும். இவருக்கு முடியல. ஒண்ணுமே சாப்பிடலைன்னாலும் காலையில ஏறும். நிறைய பேருக்கு இப்படித்தான். ராத்திரி பட்டினி போட்டா சரியாகாது.”

மாத்திரையை மாற்றி எழுதினார். சீக்கிரமாக, அளவாக இரவுச் சாப்பாடு. சாப்பிட்டபின் கொஞ்சம் நடை. ஆட்டோவில் திரும்பும்போது ஜோதிலட்சுமி டாக்டர் சொன்னதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஆனாலும் கேக் தின்றது தின்றதுதானே, அவரே சொன்னாரே என்று அந்த ஒரு வாக்குமூலத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதுவும் இல்லையென்றால் அவளிடம் வேறு என்ன இருக்கிறது?

பொங்கலுக்கு ப்ரியாவால் வர முடியவில்லை. ஜோதிலட்சுமி குளித்துவிட்டு வந்து, புதுப்பானைக்கு அரிசி எடுக்க டிரம்மைத் திறந்து கையை விட்டாள். விரலில் அலுமினியத் தாள் இடித்தது.

வெளியே எடுத்தாள். மடிப்புக்கூடக் கலையவில்லை. ரோஸி கட்டிய சிவப்பு ரிப்பன் அப்படியே இருந்தது. சோற்றில் பூசணிக்காயை மறைத்தவள் தான்தான் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

பக்தவச்சலம் பால்கனியில் பானைக் கழுத்துக்கு மஞ்சள் கொத்து கட்டிக்கொண்டிருந்தார். அவள் கேக்கை அவர் எதிரே நீட்டினாள்.

“அரிசியிலயா வச்சிருந்தே?” என்றார்.

“பின்ன ஏங்க தின்னேன்னு சொன்னீங்க?”

அவர் கொத்தை இறுக்கி முடிச்சுப் போட்டார். “இல்லைன்னு எத்தனை வாட்டி சொல்றது, ஜோதி. ஆமான்னு சொன்ன அன்னிக்குத்தானே நீ என்கூட உட்கார்ந்து சாப்பிட்டே.”

அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். பொங்கல் பொங்கியதும் ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு ரோஸியிடம் போய், தப்பு என் பேரில்தான் என்று சொன்னாள். “அத்த வுடுக்கா” என்றாள் ரோஸி, ஆனால் உள்ளே வா என்று கூப்பிடவில்லை. ஜோதிலட்சுமி திரும்பி வந்து ஃப்ரிட்ஜ் பூட்டைக் கழற்றி, சாவியோடு குப்பையில் போட்டாள். இதெல்லாம் செய்ய முடிந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல் விரலைக் குத்தினார். நூற்றுத் தொண்ணூற்றாறு. மாத்திரை பிடிக்கக் கொஞ்ச நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பரவாயில்லை என்று சொல்ல ஜோதிலட்சுமி நிமிர்ந்தாள். அதற்குள் அவர், அவள் கேட்காமலேயே, குனிந்து அவள் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதினார்.

வெறும் வயிற்றின் வாடை. முதன்முதலில் ஊதச் சொன்னபோதும் அதே வாடைதான் அடித்தது.