நூற்று நாற்பத்தெட்டாவது படம்

மார்கழியில் கல்யாணம் கிடையாது. அதனால்தான் எனக்குக் கேமரா கிடைத்தது.

பெரியப்பா மகன் கலைச்செல்வன் அண்ணன் பெரம்பலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். மற்ற மாதங்களில் அந்தக் கேமரா ஒரு மண்டபத்திலிருந்து இன்னொரு மண்டபத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கும். மார்கழி பிறந்ததும் பையில் போட்டு அலமாரியில் வைத்துவிடுவார்.

"எடுத்துட்டுப் போ," என்றார். "தை பொறந்த அன்னிக்கு என் கையில இருக்கணும். பனியில வச்சு லென்ஸ்ல பூஞ்சை புடிச்சுதுன்னா, உன் கல்யாணத்துக்கு செல்போன்லதான் படம் எடுப்பேன், பாத்துக்க."

எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம். பெரிய மெகல்லன் மேகம். பெயர்தான் மேகம், நம் பால்வெளிக்கு வெளியே இருக்கும் இன்னொரு நட்சத்திரக் கூட்டம். அதன் ஒளி நம்மிடம் வந்துசேர ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. டெல்லியில் இருப்பவர்களுக்கு அது உதிப்பதே இல்லை. எங்கள் ஊரில் மார்கழி அமாவாசையை ஒட்டி, நள்ளிரவுக்குச் சற்று முன்னால், தெற்கே தரையிலிருந்து பத்து டிகிரி உயரத்துக்கு வரும். கையை நீட்டி விரல்களை மடக்கினால் ஒரு கைமுட்டி உயரம். ஒரு மணி நேரம் அங்கே நின்றுவிட்டுச் சரிந்துவிடும்.

கல்லூரியில் இயற்பியல் படித்தபோது புத்தகத்தில் அதன் படத்தைப் பார்த்தேன். நம் ஊரிலிருந்தும் தெரியுமா என்று ஆசிரியரிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன். பிறகு நானே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டேன். போன மார்கழியிலும் கேமரா வாங்கி வந்தேன். மாதம் முழுக்க மழை.

வேலை அரியலூர்ப் பக்கம், ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில். காலை ஆறு மணி ஷிப்ட். மூன்றே முக்காலுக்கு எழுந்தால்தான் ஸ்கூட்டரில் பெரம்பலூர் போய் ஐந்து மணி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க முடியும். மணிக்கு ஒரு சாம்பிள் வரும். அரைத்து, வில்லையாக அழுத்தி, எக்ஸ்ரே கருவியில் வைத்து, வரும் எண்களைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்ப வேண்டும். இரண்டு வருடமாக எண்களை அனுப்பிக்கொண்டிருக்கிறேன். எண் தப்பாக இருந்தால் போன் வரும். சரியாக இருந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

அந்த மார்கழியில் நிலா இல்லாத இரவுகள் பத்து. முதல் நான்கை மேகம் கொண்டுபோனது. அடுத்த மூன்றை நான் பேசாமல் இருந்தே தொலைத்தேன்.

எங்கள் வயல் அரும்பாவூருக்கு வெளியே இருக்கிறது. மேற்கே பச்சைமலை. தெற்கு திறந்த வெளி. நாங்கள் பருத்தி போட்டிருந்தோம். எங்களுக்குத் தெற்கே லீலாவதி அத்தையின் மக்காச்சோளம், இரண்டு ஏக்கர். அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை; அப்பாவை அண்ணன் என்று கூப்பிடுபவர். அவர் கணவர் தர்மன் மாமா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அத்தைதான் தனியாகப் பயிர் பார்க்கிறார். காட்டுப்பன்றிக்குப் பயந்து வயலின் ஓரத்தில் ஒரு விளக்கு கட்டியிருந்தார். பகலில் வெயிலில் சார்ஜ் ஏறி, இருட்டியதும் சிவப்பு, நீலம், வெள்ளை என்று மாறி மாறி நாலு பக்கமும் சுழற்றி அடிக்கும். எங்கள் வயலில் எந்த மூலையில் நின்றாலும் அது கேமராவின் முகத்தில் அடித்தது. வேறு இடம் போகலாம் என்றால் அம்மா விடமாட்டார். எங்கள் வயல் என்பதால்தான் அவரே ஒரு போர்வையுடன் கூட வந்து படுத்துக்கொண்டார். அப்பா லாரி ஓட்டுகிறார். பாதி நாள் வெளியூர்.

விளக்கை ஒரு மணி நேரம் அணைக்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். முதல் நாள் வரப்புவரை போய்த் திரும்பிவிட்டேன். இரண்டாம் நாள் லென்ஸைச் சுற்றிக் கறுப்பு அட்டை கட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் குடையை விரித்து மறைத்தேன். படத்தில் வானம் ரோஸ் நிறத்தில் இருந்தது.

எட்டாம் நாள் செவ்வாய்க்கிழமை. மறுநாளிலிருந்து மேகம் என்று செல்போன் சொன்னது. வரப்பில் நின்று, "அத்தை," என்றேன்.

லீலாவதி அத்தை நாலு கம்பு நட்டுக் கட்டிய பரணில் ஏறிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார்.

"அட, மணிமொழி பேசுது! ஜெயலட்சுமி அண்ணி, பருத்தியை மூடி வைங்க, மழை வரப் போவுது."

"அந்த லைட்டை ஒரு மணி நேரம்..."

"ஏன், கண்ணு கூசுதா?"

"போட்டோ எடுக்கணும்."

"எதை?"

தெற்கே கை காட்டினேன். அத்தை பார்த்தார். "அங்க என்னா இருக்கு?"

"மேகம் மாதிரி ஒண்ணு. எல்லாமே நட்சத்திரம். வெறும் கண்ணுக்குச் சரியாத் தெரியாது."

"கண்ணுக்கே தெரியாததுக்கு எதுக்கு புள்ள போட்டோ?"

பின்னாலிருந்து அம்மா சொன்னார்: "அதைத்தான் லீலா நானும் கேக்கறேன். இதுக்காக உப்பு வறுத்து வறுத்து என் கை ஓஞ்சு போச்சு." வறுத்த உப்பைப் பழைய காலுறையில் கட்டி லென்ஸைச் சுற்றி வைத்தால் பனி படியாது. அதைத்தான் சொன்னார்.

"இதைக் கேக்கவா மூணு நாளா வரப்புல நடந்துக்கிட்டு இருந்த? நான் எவங்கிட்டயோ செல்லுல பேசறேன்னுல்ல நெனச்சேன்."

அம்மா சிரித்தார். எனக்குக் காது சூடானது.

அத்தை மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பினார். "கருது பால் புடிச்சு நிக்குது. இப்பதான் பன்னிக்கு ருசி. நேத்து வீரமணி கொல்லையில பூந்து ஒண்ணு விடல." பிறகு, "சரி, ஒரு மணி நேரம்தானே. நான் பரண்ல தகரத்தைத் தட்டிக்கிட்டு முழிச்சிருக்கேன். நீயும் காதைத் தொறந்து வச்சிக்க. ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சுன்னா ஒடனே ஒரு குரல் குடு. குடுப்பியா?"

"குடுக்கறேன் அத்தை."

பதினொரு மணிக்கு விளக்கு அணைந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெற்கு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அகத்திய நட்சத்திரம் நல்ல உயரத்தில், ஆடாமல் நின்றது. அதற்குக் கீழே, சற்று வலப்பக்கம், நான் கணக்குப் போட்டு வைத்திருந்த இடம். தென்கிழக்கில் பெரம்பலூரின் வெளிச்சம் மஞ்சளாகக் கிடந்தது. அது இங்கே எட்டவில்லை.

கேமராவை முக்காலித் தாங்கியில் பூட்டி, பதினைந்து விநாடிக்கு ஒரு படம் என்று தானாக எடுக்க விட்டேன். வானத்தின் தென்முனைக்கு அருகில் நட்சத்திரங்கள் மெதுவாக நகரும். பதினைந்து விநாடிவரை கோடு விழாது. இருநூற்று நாற்பது படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு மணி நேரத்து ஒளி சேரும். ஒரே படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சலாகத் தெரிவது அடுக்க அடுக்க அடங்கும்.

முதல் படம் கேமராவின் திரையில் வந்தது. நடுவில் கட்டைவிரல் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. லென்ஸில் பனியோ என்று துடைத்தேன். அடுத்த படத்திலும் அதே இடத்தில் இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது.

அம்மாவை எழுப்ப நினைத்தேன். தூங்கிவிட்டிருந்தார்.

நூறாவது படம்வரை தகரச் சத்தம் கேட்டது. பிறகு இடைவெளி விட்டுக் கேட்டது. நூற்று இருபதுக்குப் பிறகு கேட்கவில்லை. நான் காலை மூன்றே முக்காலிலிருந்து விழித்திருந்தேன். அத்தை எப்போதிலிருந்து என்று தெரியாது. உட்கார்ந்தபடியே திரையின் ஓரத்தில் ஏறும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நூற்று நாற்பத்தெட்டில் அந்தச் சத்தம் கேட்டது. கரும்பை ஒடிப்பது போல. ஆனால் ஈரமாக.

எனக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று இப்போது சொல்ல முடியாது. நாயாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நாய் மக்காச்சோளத்தை ஒடிக்காது. முள்ளம்பன்றி என்று நினைத்தேன். குரல் கொடுத்தால் விளக்கு எரியும், அதோடு முடிந்தது. இன்னும் ஒன்று, என்று நினைத்தேன். கேமரா மூடித் திறந்தது. இன்னும் ஒன்று. ஒடியும் சத்தம் இரண்டு இடத்தில் கேட்டது, பிறகு நாலைந்து இடத்தில். உறுமலும் வந்தது. நான் எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நூற்று அறுபதில் எழுந்தேன். "அத்தை" என்று கத்தினேன். என் குரல் வயலைத் தாண்டவில்லை. டார்ச்சை அடித்துக்கொண்டு வரப்பில் ஓடினேன், மறுபடி கத்தினேன். அம்மா எழுந்து என்னைவிடச் சத்தமாகக் கத்தினார். பரணிலிருந்து தகரம் கீழே விழுந்தது. அத்தை குதித்து ஓடி விளக்கைப் போட்டார். சிவப்பிலும் நீலத்திலும் ஆறேழு கறுத்த முதுகுகள் மலைப்பக்கம் ஓடின.

நூற்று அறுபத்தோராவது படத்தில் வானமே இல்லை.

அத்தை டார்ச்சை வாங்கி உள்ளே போனார். நாங்கள் வெளியே நின்றோம். வெகுநேரம் கழித்து வந்து, "தூங்கிட்டேன் அண்ணி," என்றார் அம்மாவிடம். "தகரத்தை மடியில வச்சிக்கிட்டே தூங்கிட்டேன்." தாங்கியை மடக்கினேன்.

மூன்றே முக்காலுக்கு எழுந்து வேலைக்குப் போனேன். பத்து மணிக்கு அம்மா போன் செய்தார். பதினெட்டு வரிசை படுத்துவிட்டதாம். தின்றது பாதி, மிதித்தது பாதி. "லீலா தன்னையே திட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. பாவமா இருக்கு," என்றார். அடுத்த சாம்பிள் வந்தது.

அந்த வாரம் மேகம் விலகவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு. மடிக்கணினியில் நூற்று அறுபது படங்களையும் அடுக்கினேன். பழைய கணினி, இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு திரையில் அது வந்தது. ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து, நடுவில் ஒரு பட்டை. இடது ஓரத்தில் மிகச் சிறிய ரோஸ் புள்ளி. அங்கே புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன என்று படித்திருக்கிறேன். கொஞ்சம் மங்கல்தான். ஆனால் அதுதான். எங்கள் பருத்தி வயலிலிருந்து எடுத்தது.

சந்தோஷமாக இருந்தது. அது உண்மை.

பிறகு ஒன்று செய்தேன். சத்தம் கேட்ட பிறகு எடுத்த பன்னிரண்டு படங்களை நீக்கிவிட்டு, முதல் நூற்று நாற்பத்தெட்டை மட்டும் அடுக்கினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். எது எது என்று எனக்கே தெரியவில்லை. இரைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்குத்தான் அடங்கும்; காகிதத்தில் கணக்குப் போட்டால் வித்தியாசம் நூற்றுக்கு நான்கு. கண்ணால் பார்க்க முடியாது. இந்தக் கணக்கு அன்றிரவும் எனக்குத் தெரிந்ததுதான். பட்டப்படிப்பு இரண்டாம் வருடப் பாடம்.

பன்னிரண்டு படங்களையும் அழிக்கவில்லை. அழித்து என்ன ஆகப்போகிறது.

சாயங்காலம் அத்தையிடம் போனேன். படுத்த தட்டைகளை மாட்டுக்காக அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். செல்போனில் படத்தைக் காட்டினேன். அரிவாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"இதுவா?"

"ஆமா அத்தை."

"நல்லாத்தான் இருக்கு. சோத்துக்கஞ்சி சிந்துன மாதிரி." திருப்பிக் கொடுத்தார். "அம்மாகிட்ட சொல்லி மாட்டி வை. கட்டிக்கிட்டுப் போறவன் பாத்துட்டு ஓடப் போறான்."

நான் சிரிக்கவில்லை.

"என்னா புள்ள?"

"அன்னிக்குச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு அத்தை. ஒடனே கூப்புடல."

அவர் என்னைப் பார்த்தார். "எவ்வளவு நேரம்?"

"மூணு நிமிசம். அதுக்கும் கொஞ்சம் மேல."

"கேட்டும் உக்காந்திருந்த."

"ஆமா."

"குரல் குடுன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

அத்தை கட்டின் மேல் உட்கார்ந்தார். குரல் கோபமாக வரும் என்று நினைத்தேன். களைப்பாக வந்தது. "நான் தூங்கித் தொலைச்சிட்டேன்னு அந்த மனுசங்கிட்ட போன்ல சொன்னேன். காவல் காக்கப் போனவளுக்குத் தூக்கம் என்னான்னு கேட்டாரு. நாலு நாளா கேக்கறாரு. எனக்குச் சோறு எறங்கல." இடுப்பிலிருந்து போனை எடுத்தார். "இந்தா. நீ சொல்லு அவருகிட்ட."

"நானா?"

"பின்ன, அந்த மேகமா வந்து சொல்லும்?"

போட்டுக் கையில் கொடுத்தார். மணி அடித்தது. எடுக்காமல் இருந்தால் தேவலை என்று நினைத்தேன். எடுத்தார். பின்னால் மெஷின்கள் ஓடும் சத்தம்.

"மாமா, நான் மணிமொழி பேசறேன்."

"யாரு? கேக்கல, சத்தமா பேசு."

சத்தமாகப் பேசினேன். லைட்டை நான்தான் அணைக்கச் சொன்னேன் என்றேன். பன்றி வந்தது எனக்குத் தெரியும் என்றேன். மூன்று நிமிடம் என்றேன். எதற்கு என்று கேட்டார். போட்டோவுக்கு என்றேன்.

"லீலாகிட்ட குடு," என்றார்.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தட்டைகளைப் பொறுக்கி அடுக்கினேன். பால் வற்றாத கருதுகள் சில மண்ணில் கிடந்தன. பன்றி ஒரு கடி கடித்துவிட்டு விட்டவை. அத்தை ஒருமுறை சிரித்தது போல இருந்தது. பிறகு மூக்கைச் சிந்தினார். போனை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்.

"இன்னும் ஒரு மாசம் இருக்கு அறுப்புக்கு," என்றார். "ராத்திரி பத்து மணிக்கு வந்து பரண்ல ஏறு. லைட்டு எரியும், அணைக்கக் கூடாது. ஒரு மணிக்கு என்னை எழுப்பு. அது வரைக்கும் நான் தூங்கணும்."

"தினமுமா அத்தை?"

"பன்னி தினமும்தான் வருது."

மறுநாள் எனக்கு ஆறு மணி ஷிப்ட். சரி என்றேன்.