ஆவேசமாகப் பேசியவர்

தொலைக்காட்சித் திரையின் வலது மூலையில், தீப்பெட்டி அளவு கட்டத்துக்குள் நின்று கைகளை அசைக்கும் அந்தப் பெண்ணை நாட்டில் பாதிப் பேர் பார்த்திருப்பார்கள். அவள் பேர் ஒருவருக்கும் தெரியாது. நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் அவளைக் 'கையக்கா' என்று கூப்பிட்டார்கள். காது கேளாதவர்களுக்கு அவள் 'மச்சம்'. மோவாயில் மச்சம் உள்ள இடத்தில் ஆட்காட்டி விரலை வைத்து எடுத்தால் அது அவள்.

சைகை அவளுக்குப் படிப்பாக வந்ததல்ல, தாய்ப்பாலோடு வந்தது. அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் கிடையாது. அம்மாவின் தம்பிக்கும் அப்படியே. அவர் தையல்காரர். இரண்டு விரலைத் தோளருகே வைத்து வெட்டிக் காட்டுவார்கள், அதனால் 'கத்திரி' என்பதே அவர் பேராகிவிட்டது. அப்பா போன பிறகு அம்மா, மாமா, அவள் மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை வராத நாள் இல்லை. தோற்கப் போகிறவர் சட்டென்று எழுந்து விளக்கை அணைத்துவிடுவார். இருட்டில் எப்படிப் பதில் சொல்வது? அதோடு சண்டை முடிந்துவிடும். பெரும்பாலும் மாமாதான் அணைப்பார்.

மாலைச் செய்தி தொடங்கினால் அம்மா பெட்டியின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். எந்த ஊரில் வெள்ளம், எந்த மந்திரி எங்கே போனார் என்பதெல்லாம் அவளுக்குப் பெரிதல்ல. மகள் தலையை ஒழுங்காக வாரியிருக்கிறாளா, கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறதா என்று பார்ப்பாள். மாமா கடையைப் பூட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவார்.

அன்றைக்குக் கடைவீதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மூடிய ஆலையைத் திறக்கச் சொல்லி அங்கே சாலையில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் என்றார்கள் சிலர். இல்லை, ராணுவத்தின் மேல் யாரோ சுட்டார்கள் என்றார்கள் சிலர். நகரத்தில் ஒரு கைப்பேசியும் வேலை செய்யவில்லை. நிலையத்தின் கதவுகளை உள்ளிருந்தே பூட்டிவிட்டார்கள். மாமாவின் கடை அந்த வீதியில்தான் இருந்தது. கூட்டம் கலையும்போதே ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார், கெட்டிக்காரர் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேறென்ன செய்ய முடியும்?

மாலையில் பாதுகாப்புத் துறையின் செய்தித் தொடர்பாளர் நேரலையில் பேசுவார் என்று சொன்னார்கள். தயாரிப்பாளர் அவளிடம் ஓடி வந்தார்.

"கையக்கா, எழுத்துல எதுவும் தரமாட்டாங்களாம். அவரு பேசப் பேசப் போடணும். காதுல விழுறத அப்படியே போடுங்க, சரியா?"

அவள் கறுப்புச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பச்சைத் துணியின் முன்னால் நின்றாள். ஒரு காதில் இயர்போன். எதிரே சிறிய திரையில் செய்தித் தொடர்பாளரின் முகம். சவரம் செய்து பளபளவென்று இருந்தது.

"ஆயுதம் தாங்கிய கும்பல் ஒன்று பொதுமக்களுக்கு நடுவே ஊடுருவியது" என்றார் அவர். அவள் கைகளில் கும்பல் வந்தது, ஆயுதம் வந்தது. "ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப எச்சரித்தோம். வேறு வழியில்லாமல் படையினர் தற்காப்புக்காகச் சுட்டனர். நான்கு பேர் இறந்தனர்." அவள் கைகள் எச்சரித்தன, தற்காத்தன, சுட்டன, நான்கு விரல்களைக் காட்டின. அவளுக்கு இது வேலை. யார் என்ன சொன்னாலும் கை சொல்லும்.

"கும்பலின் தலைவன் கொல்லப்பட்டான்" என்றார் அவர். "சாலை நடுவே நின்று ஆவேசமாகப் பேசி மக்களைத் தூண்டிவிட்டவன் இவன்தான்."

திரையில் ஒரு புகைப்படம் வந்தது.

கத்திரி மாமா.

மாற்றுத்திறனாளிகளுக்கான இலவசப் பேருந்து அட்டைக்காக எடுத்த படம் அது. கூட்டிக்கொண்டு போனதே அவள்தான். 'சிரிக்காதீங்க' என்று படம் எடுப்பவர் கத்திக்கொண்டே இருந்தார். மாமாவுக்குக் கேட்கவில்லை, அவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு இப்போது திரையில் திமிராகத் தெரிந்தது.

அவள் கைகள் அந்தரத்தில் நின்றுவிட்டன. காதுக்குள் தயாரிப்பாளரின் குரல், "அக்கா, கை! கை நின்னுருச்சு!" என்றது.

அவளுக்கு அந்த ஒரு கணத்தில் ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. அம்மா இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறாள். படத்தைப் பார்த்திருப்பாள். அது எதற்காக வந்தது என்று தெரியாமல் மூலையில் நிற்கும் மகளின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் கைகளைத் தூக்கினாள். *அம்மா. நம்ம கத்திரிதான். செத்துட்டாரு. சுட்டுட்டாங்க. இந்த ஆள் சொல்றது பொய். கத்திரி நின்னு பேசினாராம். பிறந்ததுலேருந்து பேசாதவரு பேசினாராம். அம்மா, நான் வரேன். கதவைப் பூட்டிக்கோ. நான் வரேன்.*

செய்தித் தொடர்பாளர் நாட்டின் ஒற்றுமையைப் பற்றிப் பேசி முடித்தார். அவளும் கைகளை இறக்கினாள். நிலையத்தில் சைகை தெரிந்தவர் யாருமில்லை.

"சூப்பர்க்கா, நடுவுல கொஞ்சம் தடுமாறினாலும் பிடிச்சிட்டீங்க" என்றார் கேமராக்காரர். பிறகு அவள் முகத்தைப் பார்த்தவர், "என்னக்கா, என்ன ஆச்சு?" என்று பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. கையும் எழவில்லை.

நிலையத்தின் வண்டி அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டது. அம்மா கதவைப் பூட்டவில்லை. வாசற்படியிலேயே நின்றிருந்தாள். மகளின் இரண்டு கைகளையும் பிடித்து, திருப்பிச் சொல்லச் சொன்னாள். அவள் சொன்னாள். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

*பேசினானாம்?* என்று கேட்டாள் அம்மா.

*ஆமா.*

அம்மா சிரிக்கத் தொடங்கினாள். சத்தமில்லாத சிரிப்பு, தோள் குலுங்கியது. *என் தம்பி பேசினானாம். எல்லாரும் கேட்டாங்களாம். குரல் எப்படி இருந்துச்சாம்? கேட்டியா, குரல் எப்படி இருந்துச்சுன்னு?* சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று மகளுக்குத் தெரியவில்லை. அவளைப் பிடித்துத் தரையில் உட்கார வைத்தாள்.

மறுநாள் காலையிலிருந்து காது கேளாதவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். எல்லோரும் அவள் கைகளைத் திரையில் பார்த்திருந்தார்கள். வீடு நிறைந்தது. வெளியிலிருந்து கேட்டால் ஆளில்லாத வீடு என்றுதான் நினைக்கத் தோன்றும். மாமாவோடு அதே கடையில் வேலை செய்த இஸ்திரிக்காரர் வந்தார். அவருக்கும் காது கேட்காது. கை நடுங்கிக்கொண்டே இருந்ததால் அவர் சொன்னதைப் பிடிப்பது கஷ்டமாக இருந்தது.

சாலையில் உட்கார்ந்திருந்தவர்கள் திடீரென்று எழுந்து ஓடினார்கள் என்றார் அவர். ஏன் என்று தெரியவில்லை. கடைக்கு வெளியே பள்ளிக்கூடச் சீருடைகள் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. ஓடுகிறவர்கள் இழுத்துக் கிழித்துவிடுவார்களே என்று கத்திரி அவற்றை எடுக்க வெளியே போனார். ஒரு சிப்பாய் எதிரே வந்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடினான். கத்திரி திரும்பினார். கையைத் தூக்கினார். விழுந்தார்.

*என்ன சொன்னான்?* என்று கேட்டாள் அம்மா. *கையைத் தூக்கி என்ன சொன்னான்?*

இஸ்திரிக்காரர் தலையை ஆட்டினார். *நான் மேசைக்கு அடியில கிடந்தேன். முதுகுதான் தெரிஞ்சுது.*

அம்மா அவரை விடவில்லை. தோளைப் பிடித்து உலுக்கி அதையே கேட்டாள். ஒரு கடைசி வார்த்தை இருந்தது, அது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

கைப்பேசிகள் மறுபடி வேலை செய்யத் தொடங்கியதும் நிலையத்தின் இயக்குநர் அவளைத் தன் அறைக்கு வரச் சொன்னார். யாரோ அவள் சைகைக்குக் கீழே எழுத்தில் அர்த்தம் போட்டுப் பரப்பியிருந்தார்கள். ஊர் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா இப்படிப் பண்ணின?" இயக்குநர் கோபமாக இல்லை, பயந்துபோயிருந்தார். "என் தலையில மண்ணை வாரிப் போட்டுட்டியே!"

"சார், அவரு எங்க அம்மாகூடப் பிறந்தவரு. அவருக்குப் பேச்சே கிடையாது. காதும் கேக்காது. ஒலிபெருக்கியில எச்சரிச்சாங்களாம், அவரு ஆவேசமாப் பேசினாராம். ரெண்டுமே எப்படி சார்?"

இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நிஜமாவா?"

"அந்தப் படமே மாற்றுத்திறனாளி அட்டைப் படம் சார். அவங்க ஆபீஸ்லதான் இருக்கு. அதைத்தானே வெட்டிப் போட்டிருக்காங்க."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "நீ வீட்டுக்குப் போ. நான் மேல பேசறேன். தப்பு நடந்திருந்தா திருத்திக்குவாங்க" என்றார். அவள் நம்பினாள். அத்தனை பெரிய தப்பை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பார்கள்?

அவர்கள் சும்மா இருக்கவில்லை. அன்று மாலையே செய்தித் தொடர்பாளர் மறுபடி வந்தார். வலது மூலையில் கட்டம் இல்லை. அவள் தன் வீட்டிலேயே அம்மாவுக்கும் வந்திருந்தவர்களுக்கும் கையால் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கொல்லப்பட்டவன் பேசியதாக முன்பு சொன்னதில் சிறு திருத்தம்" என்றார் அவர். எல்லோரும் முன்னால் குனிந்தார்கள். "அவன் வாயால் பேசவில்லை. ஆயுதம் வைத்திருந்தவர்களுக்கு ரகசியக் கைக்குறிகள் மூலம் உத்தரவு கொடுத்திருக்கிறான். ஆதாரம் இதோ."

திரையில் மாமா வந்தார். எங்கோ மேலே இருந்த கேமராவில் பதிந்த படம். இடது கையில் சின்னச் சின்னச் சட்டைகள் தொங்கின. வலது கையின் ஆட்காட்டி விரல் காதைத் தொட்டிருந்தது. அடுத்த படத்தில் அதே கை விரிந்து பக்கவாட்டில் ஆடியது.

"சுடு என்பதற்கான குறி இது" என்றார் செய்தித் தொடர்பாளர். அவரே தன் விரலைக் காதில் வைத்து, கையை விரித்து ஆட்டிக் காட்டினார்.

அறையில் இருந்த அத்தனை பேரும் உறைந்துபோனார்கள். நாடெங்கும் எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் உறைந்திருப்பார்கள். யாருக்கும் அவள் விளக்க வேண்டியிருக்கவில்லை. பளபளப்பான அந்த முகத்துக்குப் பக்கத்தில், அரசாங்கத்தின் கையே சொல்லிக்கொண்டிருந்தது: *எனக்குக் காது கேட்காது. எனக்குக் காது கேட்காது.*

அம்மா எழுந்து போய்த் திரையில் தம்பியின் விரலைத் தொட்டாள். *இதுதான் சொன்னான்* என்றாள் எல்லோரையும் திரும்பிப் பார்த்து. *இதைத்தான் சொல்லியிருக்கான்.*

அடுத்த நாள் இஸ்திரிக்காரரைப் பேருந்திலிருந்து போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். நடத்துநர் ஏதோ கேட்டிருக்கிறார், இவர் வழக்கம்போலக் காதைத் தொட்டிருக்கிறார். பக்கத்தில் நின்றவர்கள் கத்திக்கொண்டு குதித்து இறங்கினார்களாம். போலீஸ் வருவதற்கு முன் அவரை அடித்தவர்களும் பயணிகள்தான். அதைக் கேட்டதிலிருந்து அவள் அம்மாவைத் தனியே வெளியே விடவில்லை.

உடலை வாங்கிக்கொள்ளலாம் என்று ஒருவழியாகச் சொல்லி அனுப்பினார்கள். அரசு மருத்துவமனையின் பின்பக்கம், பிணவறைக்குப் போகும் இரும்புக் கதவில் ஒரு போலீஸ்காரர் துப்பாக்கியோடு நின்றிருந்தார். நடுவயதுக்காரர், வெயிலில் சட்டை நனைந்திருந்தது.

"யாரும்மா நீங்க? யாரைப் பாக்கணும்?" என்று நேராக அம்மாவிடம் கேட்டார்.

அம்மாவின் விரல் தானாகக் காதுக்குப் போனது. வாழ்நாள் முழுக்க அந்நியர்களிடம் அவள் முதலில் சொல்வது அதைத்தான்.

மகள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். போலீஸ்காரரின் கை துப்பாக்கிக்குப் போய்விட்டிருந்தது. ஒரு கணம் மூவரும் அப்படியே நின்றார்கள். தான் செய்திருப்பது என்ன என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பேசுகிறவளின் வாயைப் பொத்துவது போல அம்மாவின் கையைப் பிடித்து வைத்திருக்கிறாள். அம்மா மகளைப் பார்த்த பார்வையை அவளால் எதிர்கொள்ள முடியவில்லை.

அம்மா கையை உருவிக்கொண்டாள். போலீஸ்காரரை நேராகப் பார்த்து, குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாக, விரலைக் காதில் வைத்தாள். கையை விரித்தாள். ஆட்டினாள்.

"என்னம்மா…" அவர் விழித்தார். "காது கேக்காதா உங்களுக்கு?"

யாரும் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை. கேட்டு முடித்த பிறகுதான் தான் கேட்டது என்ன என்று அவருக்கே விளங்கியது. முகம் வெளுத்தது. துப்பாக்கியிலிருந்த கை நழுவியது.

"அப்போ டிவியில காட்டினாங்களே… அது…"

"ஆமாண்ணே" என்றாள் மகள். "எங்க மாமா."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கி நின்றார். அவர்கள் உள்ளே போகும்போது, "அம்மாவைப் பிடிச்சுக்கங்க. படி உடைஞ்சிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அரசின் அறிக்கை அதற்குப் பிறகு மாறவேயில்லை. அவள் வேலை அந்த நேரலையோடு போயிற்று, யாரும் வார்த்தையாகச் சொல்லவுமில்லை. இஸ்திரிக்காரரை வெளியே கொண்டுவர வக்கீல் ஒருவர் முன்வந்தார். விசாரணை நடக்கிற இடங்களுக்கெல்லாம் அவள் போய் அவருடைய கைகளுக்குக் குரல் கொடுத்தாள். நீதிமன்றத்தில் அவர் காதைத் தொடும்போதெல்லாம் அவள் சத்தமாக, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, "எனக்குக் காது கேட்காது என்கிறார்" என்பாள்.

ஆனால் அன்றைக்கு, பிணவறையிலிருந்து மாமாவை வெளியே கொண்டுவந்தபோது, அதெல்லாம் எதுவும் அவளுக்குத் தெரியாது. இறந்தவர்கள் என்று தொலைக்காட்சியில் சொன்ன எண்ணிக்கையை ஒரு கை விரலுக்குள் அடக்கி அவளே சைகையில் காட்டியிருந்தாள். இரும்புக் கதவுக்கு வெளியே இப்போது ஒரு வரிசை நின்றிருந்தது. சீலையை வாயில் திணித்துக்கொண்ட பெண்கள், மகனின் படத்தைக் கையில் பிடித்த ஒருவர், ஒரே குடும்பமாக வந்த சிலர். மருத்துவமனைச் சுவரை ஒட்டி நீண்டு, மூலையில் திரும்பி, அதற்கு அப்பாலும் போனது.

அம்மா நின்றுவிட்டாள். மகளைத் தொட்டு, *இவங்கல்லாம் யாரு?* என்று கேட்டாள்.