சூரியனுக்கும் லேட் மார்க்

ரிடையர் ஆன டைம்கீப்பருக்கு டாக்டர் மாத்திரை எழுதித் தரலை. "இந்த வயசுல மனசு சந்தோஷமா இருக்கணும் சார். சாமி கும்பிடுங்க, சிநேகிதங்க கூடப் பேசுங்க, மரம் செடியப் பாருங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. வேற ஆளா இருந்தா தலைய ஆட்டிட்டு மறந்திருப்பாங்க. இவரு முப்பத்தொரு வருஷம் மில்லு கேட்டுல உக்காந்து, உள்ள வர்றவங்க நேரத்தை எழுதினவரு. அன்னிக்கே நீளமா ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டாரு. சாமி, சிநேகிதம், இயற்கை. ஓரமா சந்தோஷம்.

அஞ்சரைக்கு சாமி. கண்ணை மூடுவாரு. பத்து நிமிஷம் ஆச்சான்னு நடுவுல ஒரு கண்ணை மட்டும் திறந்து கடிகாரத்தைப் பார்ப்பாரு. ஆனதும் டிக். சந்தோஷத்துக்கும் அப்பவே டிக் போட்டுடுவாரு. அப்புறம் மறந்து தொலைச்சிட்டா?

ஆறு மணிக்கு பார்க். அங்க சிநேகிதம்னா டிரைவர்தான். பஸ் ஓட்டி ரிடையர் ஆனவரு. வாய்க்கொழுப்பு ஜாஸ்தி, மனசு தங்கம். டைம்கீப்பர் கூட உக்காந்து பேச உலகத்துல மிச்சம் இருந்த ஒரே ஆளு. பஸ் வேலையை விட்ட அன்னிக்கே டிரைவர் வாட்ச்சைக் கழட்டி மச்சானுக்குக் குடுத்துட்டாரு. வீடு பார்க்குக்கு எதிர்லயே. கேட்டு திறக்கற சத்தம் கேட்டா செருப்பை மாட்டிட்டு வந்துடுவாரு.

ஆனா டைம்கீப்பர் வாட்ச்சுல கேட்டு தினமும் ஆறு பத்துக்குத்தான் திறந்துச்சு. பூட்டின கேட்டு முன்னாடி நின்னு பல்லைக் கடிப்பாரு. வாட்ச்மேன் லேட். டிரைவர் லேட். பேப்பர்ல போட்ட நேரத்துக்கு சூரியனே ஒரு நாளும் வரலை, அதுவும் பத்து நிமிஷம் லேட். அதையும் சிவப்பு மையில எழுதினாரு. உலகத்துல ஒழுங்கா இருக்கறது தான் ஒருத்தன்தான்னு உள்ளூர ஒரு பெருமை வேற.

ஒரு நாள் டிரைவர் நோட்டைப் பிடுங்கிட்டாரு.

"என்னய்யா இது, என் பேருக்கு நேரா பூரா சிவப்பு?"

"மூணு லேட்டு ஒரு ஆப்சென்ட். மில்லு ரூலு."

"மூணு ஆப்சென்ட்டுன்னா?"

"பேரை எடுத்துடுவோம்."

டிரைவர் பக்கத்தைத் திருப்பினாரு. அவரு பேரு மேல ஸ்கேல் வச்சு ஒரு கோடு இழுத்திருந்துச்சு.

"எப்பய்யா எடுத்த?"

"போன செவ்வாக்கெழமை."

"எடுத்தப்புறமும் என் கூட உக்காந்து கடலை தின்னியே!"

"அது வேற, இது வேற."

"இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினேன். ஒருத்தன் என்னை லேட்டுன்னு சொன்னதில்லை. மெதுவா போய்யான்னுதான் கத்துவாங்க." நோட்டை பெஞ்சுல போட்டுட்டு எழுந்து போயிட்டாரு.

மறுநாள் வரலை. அதுக்கு மறுநாளும் வரலை. மரத்துல ஏதோ மஞ்சளா பூத்திருந்துச்சு. என்ன பூவுன்னு சொல்றது டிரைவர்தான். தெரியாட்டியும் தைரியமா ஒரு பேரு சொல்லுவாரு. டைம்கீப்பர் இயற்கைக்கு டிக் போட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டாரு.

அஞ்சாம் நாள் காலையில சாமி முன்னாடி நின்னவரு நடுவுல கண்ணைத் திறக்கலை. அவன் வரணும்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. கேட்டுக்கிட்டே நின்னுட்டாரு.

"மாமா, பார்க்குக்குப் போகலையா?"ன்னா மருமக.

கடிகாரத்தைப் பார்த்துப் பதறிட்டாரு. "அய்யோ, ஆறு அடிச்சு ரெண்டு நிமிஷம் ஆச்சே!"

மருமக ஃபோனைப் பார்த்தா. "அஞ்சு அம்பத்திரண்டுதான் மாமா. அது நீங்க வச்ச கடிகாரம், பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டு."

"எப்பலேருந்து?"

"எப்பவுமே. நீங்க வச்சதாச்சேன்னு யாரும் தொடறதில்லை. பார்க்கறதும் இல்லை."

அப்பதான் அவருக்கு உறைச்சுது. மில்லுல திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை கடிகாரத்தைச் சரிபார்த்து, சரியான நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாடி தள்ளி வைக்கச் சொல்லி மேனேஜர் உத்தரவு. ஆளுங்க சீக்கிரம் வரணுமாம். முப்பத்தொரு வருஷம் தள்ளின கை, வீட்டுக் கடிகாரத்தையும் சொந்த வாட்ச்சையும் தானாவே அதே மாதிரி தள்ளி வச்சுக்கிட்டு இருந்திருக்கு.

மில்லுல லேட்டா வந்தவன் காரணம் எழுதிக் குடுக்கணும். ஆயிரக்கணக்குல படிச்சிருக்காரு, ஒண்ணைக்கூட நம்பினதில்லை. இப்ப அவரே ஒண்ணு எழுதினாரு. 'ஐயா, தாங்கள் ஒரு நாளும் தாமதமாக வரவில்லை. என் வாட்ச்தான் பத்து நிமிடம் முந்தி ஓடியது. சூரியனும் நேரத்துக்கே வந்துள்ளது.'

எடுத்துட்டுப் போய்க் குடுத்ததை டிரைவர் தன் வீட்டு வாசல்ல நின்னு சத்தமா படிச்சாரு. "காரணம் நம்பற மாதிரி இல்லையே."

"சத்தியமாய்யா."

"உங்கிட்டயும் எத்தனை பேரு சத்தியம் பண்ணியிருப்பாங்க." யோசிச்சு சொல்றேன்னு கதவைச் சாத்திட்டாரு.

அன்னிக்கு ராத்திரி டைம்கீப்பர் வாட்ச்சைத் திருத்தி வச்சாரு. காலையில கேட்டு திறக்கற நேரத்துக்குக் கரெக்டா போய் நின்னாரு. அங்க காதைச் சுத்தித் துண்டைக் கட்டிக்கிட்டு டிரைவர் குளிர்ல நடுங்கிட்டு இருந்தாரு.

"எங்கய்யா போய்த் தொலைஞ்ச? பத்து நிமிஷமா நிக்கறேன்!"

"நீ ஏன் இவ்வளவு முன்னாடி வந்த?"

"உன் பாழாப்போன வாட்ச்சுக்கு கரெக்டா வந்துட்டா சண்டையே இல்லையேன்னு, பொண்டாட்டிகிட்ட சொல்லி அலாரம் வச்சு எந்திரிச்சேன்யா!"

"வாட்ச்சைத் திருத்திட்டேனே."

"யாரைக் கேட்டுத் திருத்தின?" நோட்டைப் பிடுங்கி, சிவப்புப் பேனாவையும் பிடுங்கி, பக்கம் முழுக்க வர்ற மாதிரி எழுதினாரு: டைம்கீப்பர் லேட்.

இவங்க சண்டை போட்டுக்கிட்டு இருந்ததுல சூரியன் எப்ப வந்துச்சுன்னு ரெண்டு பேருமே பார்க்கலை.

பெஞ்சுல உக்காந்ததும் டைம்கீப்பர் கேட்டாரு: "அந்த மஞ்சப் பூவு என்னய்யா?"

டிரைவர் ஒரு பேரு சொன்னாரு. அது சுத்தத் தப்புன்னு டைம்கீப்பருக்கு நல்லாவே தெரியும். நோட்டை எடுத்து அப்படியே எழுதிக்கிட்டாரு.