பொய்க்காய்ச்சலைப் பார்க்க வந்தவர்கள்

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கட்டுரைதான் கேட்டார்: தொற்றுநோய் வருமுன் தயாராகும் பன்னாட்டு வலையமைப்பில் ஒரு மாநில அரசு சேர்ந்தால் என்ன நன்மை? உட்கார்ந்து எழுதினேன். ‘நோய்க்கு எல்லை கிடையாது, ஆகவே மருத்துவ அறிவுக்கும்...’ மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன்.

அப்போது ஒரு சந்தேகம் வந்தது. சேர்ந்துவிட்டால் ஒத்திகை நடத்திக் காட்டச் சொல்வார்களே, அதில் நோயாளியாகப் படுப்பது யார்? கட்டுரை அங்கேயே நின்றுபோனது.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘மாரண்டஹள்ளித் தக்காளித் தோட்டங்களின் மேல் சூரியன்...’ வேண்டாம். சூரியனுக்கு இந்தக் கதையில் வேலையில்லை.

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் நானே ஒரு சுகாதார நிலையம் கட்டியிருக்கிறேன். (பஸ் ஏறித் தேடிப் போகாதீர்கள்.) வலையமைப்பின் சார்பில் ஒரு வெளிநாட்டு அம்மையார் பார்வையிட வருகிறார். பெயரில்லாத காய்ச்சல் ஒன்று பரவுவதாக வைத்துக்கொண்டு, நோயாளியைத் தனி அறையில் போட்டு, மாலைவரை வெளியாள் யாரையும் நெருங்க விடாமல் காட்ட வேண்டும். வாசலில் கயிறு. ஒருவர் தாண்டினாலும் ஒத்திகை தோல்வி. பொறுப்பு அதிகாரி சந்திரமோகனின் பேர் சென்னையிலும் கெடும், கடல் தாண்டியும் கெடும்.

பொய்க்குப் படுத்தால் மெய்யாகிவிடும் என்று ஊரில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. தக்காளி போடும் தீர்த்தம்மாள் மட்டும் தானாக வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், தும்மல்கூட இல்லாத உடம்பு.

3

இவளை நான் நம்பவில்லை. எதற்காக வந்தாள்? [இங்கே ஒரு பத்தி நாட்டுப்பற்று இருந்தது. படித்தபோது எனக்கே சிரிப்பு வந்ததால் எடுத்துவிட்டேன்.] செவிலியர் கோகிலவாணி கட்டிலில் விரிப்புப் போட்டபடி கேட்டே விட்டாள்.

“எந்தம்பி அர்ச்சுனன் எங்கூடப் பேசறதில்ல, நர்சம்மா. கூட்டுக் கெணத்துல என்னைக் கேக்காம மோட்டாரு எறக்கிட்டான். நானும் வாய உட்டுட்டேன். உன் வூட்டு வாசலயே மிதிக்க மாட்டேன்னு போனவன்தான். ஒடம்பு முடியலன்னாவாச்சும் பாக்க வரானான்னு பாக்கறேன்.”

“அக்கா, இது அரசாங்க ஒத்திகைங்க.”

“உங்க ஒத்திகைய நீங்க பாருங்க. என்னுத நான் பாத்துக்கறேன்.”

4

இது ஒத்திகைதான் என்று முந்தின நாளே ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரெல்லாம் சொல்லியிருந்தார்கள். இருந்தும், ஆம்புலன்ஸ் தீர்த்தம்மாளை இறக்கிவிட்டுத் திரும்புவதற்குள் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். கையில் ரொட்டி, சாத்துக்குடி, ஹார்லிக்ஸ்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு வராதவரை மன்னிப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு வராதவரை மன்னிக்க மாட்டார்கள். வலையமைப்பின் கையேட்டில் இது இல்லை.)

“பொய்க்காய்ச்சல்தாம்மா” என்றார் சந்திரமோகன், பங்காளி வீட்டுத் தங்கம்மாளிடம்.

“தெரியுங்க சார். நாளைக்கு எங்கூட்ல ஒருத்தரு படுத்தா இவங்க வரணுமில்லீங்களா?”

அம்மையார் கூட்டத்தைப் பார்த்துப் புருவம் தூக்கினார். இதுவும் பயிற்சியின் ஒரு பகுதிதான், கூட்டத்தைக் கட்டுப்படுத்திக் காட்டுகிறோம் என்று சந்திரமோகன் வாய் கூசாமல் சொன்னார். அம்மையார் பாராட்டிக் குறித்துக்கொண்டார். பொய் சொல்வதில் இவர் என்னைவிடக் கெட்டிக்காரர்.

யாரும் கயிற்றைத் தாண்டவில்லை. கயிற்றுக்கு இப்பால் போட்டிருந்த மேசையில் ரொட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். தீர்த்தம்மாள் ஜன்னல் வழியாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. அதன் பிறகுதான் அவள் நிஜமான நோயாளி மாதிரி இருந்தாள்.

5

முடிவு, ஒன்று: அர்ச்சுனன் வரவில்லை. எழுதிப் பார்த்தேன். ஒத்திகை முடிந்தும் அவள் கட்டிலைவிட்டு எழ மறுத்தாள். அடித்துவிட்டேன்.

முடிவு, இரண்டு: நிஜக் காய்ச்சல் என்று நம்பி அழுதுகொண்டே ஓடி... ஆட்டோ அவன் தெருவுக்கும் போயிற்றே. அடித்துவிட்டேன்.

ஆகவே தெரிந்தேதான் வருகிறான். தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவன், முழங்கால்வரை சேறு. நேராகக் கயிற்றில் கை வைத்தான்.

“இது பொய்னு தெரியுமில்லங்க?” என்றார் சந்திரமோகன்.

“தெரியுங்க.”

“அப்பறம் எதுக்கு வந்தீங்க?”

“நெசமா வந்தா இதத் தாண்ட உடமாட்டீங்க. கொரோனாவுல எங்க மாமனார பிளாஸ்டிக்குல சுத்திக் குடுத்தீங்க, மூஞ்சியக்கூடப் பாக்கல. பொய்யா இருக்கறப்பவே ஒருவாட்டி கிட்ட போயிப் பாத்துட்டு வந்தர்றேங்க.”

உங்களைச் சிரிக்க வைக்கத்தான் ஆரம்பித்தேன். சந்திரமோகனையும் குறை சொல்ல முடியாது: இன்று பொய்க்குத் திறக்கிற கை, நாளை நிஜத்துக்கும் திறக்கும். அம்மையார் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறார்.

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் தீர்த்தம்மாள் எழுந்து நின்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு தம்பியிடம் பேசினாள்.

“அங்கியே நில்லுடா. உனக்கு ஒட்டிக்கும்.”

“இல்லாத காய்ச்சலா?” என்றான் அவன். கையை எடுக்கவில்லை.

கயிற்றின் இன்னொரு முனை சந்திரமோகனிடம். அவர் என்னைப் பார்க்கிறார். நான் எழுதுவதைத்தான் செய்வார், பாவம். எனக்குக் கை வரவில்லை. இந்தாருங்கள், நீங்கள் பிடியுங்கள்.