வெள்ளிக்கிழமை, பத்தரையிலிருந்து பன்னிரண்டு

1
இது எனக்குத் தோன்றிய கதை அல்ல. ஒரு பிறந்தநாள் விழாவில், சாப்பாட்டு மேசையில் ரோல்ஸ் எடுக்க வரிசையில் நின்றபோது காதில் விழுந்தது. சொன்னவர் முடிவுக்கு வருமுன் கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

2
முதல் தொடக்கம்: ‘நீலக் கடலில் ஒரு வெள்ளைப் படகு மெல்ல...’

வேண்டாம். சுஜீவா அந்தக் கடலைக் கண்டதே இல்லை. அவள் டென்மார்க்கின் ஹ்விடோவ்ரேயில், பனிச்சேறு காயாத சப்பாத்தோடு அலுவலகத்தில் இருந்தபடி, கரீபியன் தீவுகளுக்குப் போகும் பணக்காரரின் உல்லாசப் படகுகளுக்குத் துறைகளில் கட்டுமிடம் பிடித்துக் கொடுப்பவள். (இப்படியும் ஒரு வேலையா என்று நானும் கேட்டேன். இருக்கிறதாம்.)

3
முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி இடுப்பு போன பிறகு கிடைத்த, கதிரையில் இருந்தபடி செய்யும் வேலை. இன்னும் நிரந்தரமில்லை. டிசம்பரில் நத்தார் வாரத்துக்கு ஒரு பெரிய படகுக்கு இடம் பிடித்தால் நிரந்தரம் என்று முதலாளி மெட்டே சொல்லியிருந்தாள். கேட்ட துறைகள் எல்லாம் கையை விரித்தன. ஒன்றில் ஆழம் காணாது, மற்றதில் படகு நீளம் கூட. கடைசியில் ஒரு சின்னத் தீவின் துறைக்காரர் எழுதினார்: ‘ஓரிடம் இருக்கிறது. காலையில் நான் கதவு திறக்குமுன் உறுதிசெய். இல்லாவிட்டால் அடுத்தவருக்கு.’

அவர் கதவு திறக்கும்போது டென்மார்க்கில் மதியம் பன்னிரண்டு. படகுக் கப்டனின் சம்மதம் வந்தபோது பத்தரை தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை. ராகுகாலம்.

4
இங்கேதான் எனக்குச் சுஜீவாவில் சந்தேகம். இதற்காகவா ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு இருப்பாள்? ஆனால் முன்பு ஒருமுறை அவள் ராகுகாலத்தில் கையெழுத்து வைத்துச் சேர்ந்த நிறுவனம் அந்த வருடமே இழுத்து மூடப்பட்டது. நம்பிக்கை என்றில்லை. பயம்.

பதினொன்றேகால்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டோஸ்ட்ருப்பில் இருக்கும் அக்கா விஜிதாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அக்கா, உங்கடை கலண்டரிலை ராகுகாலம் எப்ப முடியுது?”

“பன்னிரண்டுக்கு. என்ன துவங்கப் போறாய்?”

“கரீபியனிலை ஒரு படகுக்கு இடம். பன்னிரண்டுக்கு முதல் அனுப்ப வேணும்.”

“அங்கை இப்பதானே விடியப்போகுது. அங்கை ராகு இல்லை.”

“நான் இருக்கிறது இஞ்சை எல்லோ!”

“எடி, கலண்டர் யாழ்ப்பாணத்துச் சூரியனுக்கு அடிச்சது. இஞ்சை சூரியன் எழும்பினதே எட்டரைக்குப் பிறகு. அந்தக் கணக்குக்கு ராகு இப்பதான் துவங்குது.”

“அப்ப நான் பாத்துக்கொண்டு இருந்தது?”

“நல்ல நேரம்.”

சுஜீவா தொலைபேசியை வைத்துவிட்டு, திரையில் ‘அனுப்பு’ என்ற பொத்தானைத் தேடினாள். மெட்டே கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து டேனிஷில் கேட்டாள்: “அனுப்பியாச்சா?”

5
முடிவு அ: அனுப்புகிறாள். இடம் கிடைக்கிறது. (ராகுவோடு எனக்கு எதற்கு வம்பு?)

முடிவு ஆ: பன்னிரண்டு தாண்டும்வரை இருக்கிறாள். இடம் போகிறது. மறுபடி முதியோர் இல்லம், மறுபடி அந்த இடுப்பு... இல்லை, அவளுக்கு அதைச் செய்ய எனக்கு மனமில்லை.

6
இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. என் மணிக்கூட்டில் பதினொன்றேகால். கடைசி வரியை இந்த நேரத்தில் எழுத என் கை...

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் எந்த ஊரில், எந்தச் சூரியனுக்குக் கீழே இருந்து இதை வாசிக்கிறீர்களோ எனக்குத் தெரியாது. அங்கே நல்ல நேரமென்றால், அவளுக்காக அந்தப் பொத்தானை நீங்களே அழுத்திவிடுங்கள். கொஞ்சம் கெதியாக. துறைக்காரர் கதவுத் திறப்பைக் கையில் எடுத்துவிட்டார்.