பெயருக்கு அடியில் இரண்டு புள்ளி

எங்கள் அலுவலகத்தில் தரவுத்தளத்தை மாற்றிய வாரத்தில் என்ன நடந்தது என்று ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நான் மூன்றாம் எண் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன். வசவு முழுவதும் அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வந்தது.

எங்களுடையது ரொட்டி அட்டை அலுவலகம். அட்டை இருந்தால் பேக்கரியில் மானிய விலை ரொட்டி, இல்லாவிட்டால் இல்லை. கெய்ரோவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். எங்கள் இயக்குநர் பஹ்கத் பாஷா இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார்.

பழைய தரவுத்தளம் தேநீர் போடும் அறைக்குப் பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்தது. அதை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டவர் மதாம் அஃப்கார். கால் வீங்குகிறது என்று மேசைக்கு அடியில் ஒரு முக்காலி வைத்து அதன்மேல் காலை நீட்டியிருப்பார். திரையில் பிழைச் செய்தி வந்தால் ஊறவைத்த துர்முஸ் கொட்டையைத் தோலுரித்து வாயில் போட்டுக்கொண்டு மெதுவாகப் படிப்பார். கொட்டை தீர்வதற்குள் பிழையும் தீர்ந்துவிடும். அதனால் அந்த அறையில் ஒரு வேலை நடக்கிறது என்பதே மேலே இருப்பவர்களுக்குத் தெரியாமல் போயிற்று.

பஹ்கத் பாஷா ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தார். பக்கத்து மாகாணம் புதிய தரவுத்தளத்துக்கு மாறிவிட்டதாம். நாமும் மாறுகிறோம் என்று அறிவித்தார். எதிலிருந்து எதற்கு என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. பழையதிலிருந்து புதியதற்கு, அவ்வளவுதான். வேலையைச் செய்ய கெய்ரோவிலிருந்து ஒரு நிறுவனம் ஹாஸெம் என்பவனை அனுப்பியது. முப்பது வயது இருக்கும். காலுறை போடாத ஷூ. எதைக் கேட்டாலும் கவலையே வேண்டாம் என்பான். அது மட்டும் உண்மை. கடைசிவரை அவன் எதற்கும் கவலைப்படவில்லை.

முதல் கூட்டத்தில் மதாம் அஃப்கார் பதினோரு விஷயங்களை எழுதிய ஒரு தாளைக் கொடுத்தார். அட்டவணைகளை மட்டும் எடுத்துப்போனால் போதாது, உள்ளே தான் எழுதிவைத்த விதிகள் இருக்கின்றன, அவையும் வரவேண்டும், புதிய தரவுத்தளத்தின் பாஷை வேறு என்பதால் அங்கே திரும்ப எழுதவேண்டும் என்றார். பாஷா அந்தத் தாளின்மேல் தேநீர்க் குவளையை வைத்தார். ஹாஸெம் சிரித்துக்கொண்டே சொன்னான்:

“மதாம், நீங்க எழுதினதெல்லாம் தொல்பொருள் துறைக்குச் சொந்தம். நாங்க டேட்டாவத்தான் மாத்த வந்திருக்கோம், பிரமிட மாத்த வரல.”

பாஷா சிரித்தார். அவர் சிரித்ததால் துணை இயக்குநர் சிரித்தார். எனக்கும் வாய் கோணியது, பொய் சொல்லமாட்டேன். மதாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த இரண்டு மாதம் எந்தக் கூட்டத்துக்கும் அவரைக் கூப்பிடவில்லை.

விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை மாற்றினார்கள். பழையதில் நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து முந்நூற்றாறு பேர். புதியதிலும் அதே நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து முந்நூற்றாறு பேர். ஹாஸெம் அந்த இரண்டு எண்களையும் பெரிய தாளில் அச்சடித்து வாசலில் ஒட்டினான். ஒரு ஆள்கூடத் தொலையவில்லை என்று பாஷா கைதட்டினார். பஸ்பூஸா இனிப்பு வந்தது. எண்ணிக்கை சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நம்புகிறவனிடம் திருமண வீட்டுச் செருப்புகளைக் காவல் காக்கக் கொடுக்கலாம். வெளியே போகிறவர்களின் காலில் யாருடைய செருப்பு இருக்கிறது என்று மட்டும் கேட்கக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு ஜன்னலைத் திறந்தேன். புதுப்பித்த அட்டை வாங்க வரிசை தெருவரை நின்றது. முதலில் வந்தவர் டயர் கடை ஹாஜி ஃபவ்ஸி. அடையாள அட்டையில் இருந்த எண்ணையும் பெயரையும் அடித்தேன். இப்படி ஒருவர் இல்லை என்றது திரை. மறுபடி அடித்தேன். மறுபடியும் இல்லை என்றது. ஹாஜி ஃபவ்ஸி நூற்றிருபது கிலோ. ஜன்னலை முழுவதுமாக அடைத்துக்கொண்டு நிற்கிறார். அவரிடம் நீங்கள் இல்லை என்று எப்படிச் சொல்வது? கொஞ்சம் ஓரமாக நில்லுங்கள் என்றேன். அடுத்து ஹம்தி, இல்லை. ஹஸன், இருந்தார். ஸப்ரி, இல்லை. ஸகி இருந்தார், ஆனால் அவர் அண்ணன் ஷவ்கி இல்லை.

பத்து மணிக்குள் ஓரமாக நின்றவர்களின் கூட்டம் வரிசையைவிடப் பெரிதாகிவிட்டது. விஷயத்தைக் கண்டுபிடித்தது நாங்கள் அல்ல, வெங்காயம் விற்கும் உம்மு தலால். தன் கணவர் லுத்ஃபியின் அட்டைக்காக வந்து ஓரமாக நின்றவள், சுற்றியிருந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்தாள்.

“ஐயா, உங்க பேரு என்ன?”

“வக்தி” என்றேன்.

“அப்படின்னா நீங்களும் எழுந்து வந்து இங்க நில்லுங்க. ‘ஈ’ன்னு முடியறவங்களுக்கு இன்னிக்கு ரொட்டி கிடையாதாம்.”

கூட்டம் சிரித்தது. என் பெயரை அடித்துப் பார்த்தேன். நானும் இல்லை.

இங்கே எங்கள் அரபு எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பெயரின் கடைசியில் ‘ஈ’ என்று வந்தால் அந்த எழுத்தின் அடியில் இரண்டு புள்ளி வைக்கவேண்டும். அதே எழுத்தைப் புள்ளியில்லாமல் எழுதினால் ‘ஆ’. இது பள்ளிக்கூடத்துச் சட்டம். எகிப்தியன் அந்தப் புள்ளிக்காகப் பேனாவைத் தூக்கமாட்டான். ஃபவ்ஸிக்கும் முஸ்தஃபாவுக்கும் ஒரே வால்தான் போடுவோம், படிக்கிறவனுக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்தில் இருபது குமாஸ்தாக்கள் இருபது வருடமாகப் பெயர்களை அடித்திருக்கிறோம். சிலர் புள்ளியோடு, சிலர் இல்லாமல், நான் மனம்போல. இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தேடு என்று மதாம் அஃப்கார் பழைய தரவுத்தளத்தில் ஒரு விதி எழுதிவைத்திருந்தார். அவர் தாளில் அது நான்காவது விஷயமாக இருந்ததாம். புதியதில் அந்த விதி இல்லை. புள்ளி உள்ள ஃபவ்ஸி ஒருவர், புள்ளி இல்லாத ஃபவ்ஸி வேறொருவர்.

எண் சரியாக இருக்கிறதே, எண்ணை மட்டும் வைத்துத் தேடக்கூடாதா என்று ஹாஸெமைக் கேட்டேன். பாதுகாப்புக்காக இரண்டும் ஒத்துப்போகவேண்டும் என்றான். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்டேன். முதலில் நாங்கள் தப்பாக அடிக்கிறோம் என்றான். பிறகு இணைப்பு மெதுவாக இருக்கிறது என்றான். பிறகு எல்லாக் கணினிகளையும் அணைத்துப் போடச் சொன்னான். போட்டோம். அதே ‘இல்லை’ இன்னும் வேகமாக வந்தது.

பதினொன்றரைக்கு மதாம் அஃப்கார் முக்காலியிலிருந்து காலை இறக்கி, நடந்து மேலே பாஷாவின் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். ஹாஸெமிடம் விஷயத்தை மூன்றே வாக்கியத்தில் சொன்னார். அவன் புரிந்துகொண்டான்; முட்டாள் இல்லை. புரிந்துகொண்டதுதான் ஆபத்தாகப் போயிற்று.

“அவ்வளவுதானா?” என்றான். “எல்லாருக்கும் புள்ளி வச்சிடறேன். ஒரு வரி.”

மதாம் வேண்டாம் என்றார். “தம்பி, பேர மாத்தாத. தேடறத மாத்து. பேரு அவங்களோடது.”

டேட்டாவில் அழுக்கு இருந்தால் சுத்தம் செய்துதான் ஆகவேண்டும் என்றான் அவன். நகல் எடுத்துவிட்டாயா என்று கேட்டார். ஒரு வரிக்கெல்லாமா நகல் எடுப்பார்கள் என்றான். பாஷா மேசையைத் தட்டி, கீழே கூட்டம் கத்துகிறது, விவாதம் வேண்டாம், செய் என்றார். அவன் செய்தான். அந்த எழுத்தில் முடியும் எல்லாப் பெயருக்கும் ஒரே நொடியில் இரண்டு புள்ளி விழுந்தது.

நான் ஓடிப்போய் ஹாஜி ஃபவ்ஸியை அடித்தேன். வந்துவிட்டார். ஹம்தி வந்தார், ஷவ்கி வந்தார், நானும் வந்தேன். ஓரமாக நின்றவர்கள் கைதட்டினார்கள். உம்மு தலால் தன் கணவரின் அட்டையை வாங்கி முத்தமிட்டாள். இருபது நிமிடம் நாங்கள் எல்லோரும் மனிதர்களாக இருந்தோம்.

அதற்குப் பிறகு வந்தவர் முஸ்தஃபா. முஸ்தஃபா என்று யாரும் இல்லை, முஸ்தஃபீ என்று ஒருவர் இருந்தார். மூஸா மூஸீ ஆகியிருந்தார். ஈஸா, யஹ்யா, ஸல்மா, ஹுதா, லைலா எல்லோருக்கும் அதே கதி. ‘ஆ’வில் முடிகிறவர்களுக்கும் புள்ளி வைத்துவிட்டான். ஓரமாக நிற்க இன்னொரு கூட்டம் வந்தது. இந்தக் கூட்டத்தில் பெண்கள் அதிகம், சத்தமும் அப்படியே.

இதோடு நின்றிருந்தால் உள்ளூர் விஷயமாகப் போயிருக்கும். ஆனால் யாருடைய விவரம் மாறினாலும் அவருக்குக் கைபேசியில் உடனே ஒரு வாழ்த்துச் செய்தி போகவேண்டும் என்று பஹ்கத் பாஷாவே கேட்டு வாங்கியிருந்தார். பக்கத்து மாகாணத்தில் அது இல்லையாம். ஆகவே அந்த மதியம் எண்பதாயிரம் பேருக்குச் செய்தி போனது. ‘மாண்புமிகு முஸ்தஃபீ அவர்களே, உங்கள் பெயர் வெற்றிகரமாகத் திருத்தப்பட்டது. இயக்குநர் பஹ்கத்.’

முஸ்தஃபீ என்றால் அர்த்தம் ஒன்றும் இல்லை, சிரித்துவிட்டுப் போகலாம். மோனா என்ற பெயருக்கு அப்படி இல்லை. அதன் கடைசியில் இரண்டு புள்ளி வைத்தால் ஒரு சொல் வரும். குழந்தை இல்லாத தம்பதிகளைச் சோதிக்கும் மருத்துவமனையில், ஆணிடம் சிறு குப்பியைக் கொடுத்து, நர்ஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொல்லும் சொல். எங்கள் ஊரில் ஐயாயிரம் மோனாக்கள் இருக்கிறார்கள். ஐயாயிரம் பேரையும் அந்தச் சொல்லால் மாண்புமிகு என்று அழைத்து, அடியில் தன் பெயரைப் போட்டிருந்தார் பாஷா. அவருடைய மனைவி பெயரும் மோனாதான்.

மனைவி தொலைபேசியில் அழைத்தபோது நான் பாஷாவின் அறையில் இருந்தேன். மதாம் மோனா பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியை. இயல்பாகவே குரல் கொஞ்சம் தூரம் போகும். தன் பணியாளர்கள் அறையில் இன்னும் நான்கு மோனாக்கள் இருக்கிறார்கள், எல்லோருக்கும் செய்தி வந்திருக்கிறது, எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று சொன்னார். மிச்சத்தை எழுத முடியாது. பாஷா இருபது தடவை “இல்ல கண்ணு” என்றார். வைத்தபிறகு ஹாஸெமைப் பார்த்து, புள்ளியை எடு என்றார்.

எடுக்கமுடியாது என்றான் ஹாஸெம். இப்போது எல்லோருக்கும் புள்ளி இருக்கிறது. யாருக்கு முன்பே இருந்தது, யாருக்குத் தான் வைத்தது என்று தெரியாது. அதைச் சொல்லும்போதும் அவன் முகத்தில் கவலை இல்லை. நிறுவனத்தில் ஒரு நிபுணர் குழு இருக்கிறது, மூன்று வாரத்தில் பெயர் பெயராகப் பார்த்துவிடுவார்கள் என்றான்.

பழைய கணினியை அழித்துக் கிடங்குக்கு அனுப்பும்படி வெள்ளிக்கிழமையே உத்தரவாகியிருந்தது. அது போயிருந்தால் நாங்கள் ஒழிந்தோம். ஆனால் மூன்று பிரதியில் படிவம் இல்லாமல் எதையும் வாங்கமாட்டேன் என்று கிடங்குக்காரர் சொல்லிவிட்டதால், அது தேநீர் அறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. இருபது வருடத்தில் எங்கள் படிவங்களால் யாருக்காவது நன்மை நடந்தது என்றால் அது அன்றைக்குத்தான்.

பாஷா படியிறங்கி மதாம் அஃப்காரின் அறைக்கு வந்தார். அந்த அறை எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டுக்கொண்டுதான் வந்தார். மதாம் எழுந்திருக்கவில்லை. ஒரு கொட்டையைத் தோலுரித்தார்.

“செய்யறேன் பாஷா. ஆனா என்ன செய்யணும்னு உங்க கையால எழுதிக் கொடுங்க. போன தடவை நான் எழுதிக் கொடுத்தேன், அது சரிப்பட்டு வரல.”

பாஷாவுக்குக் காது சிவந்தது. என் பேனாவை வாங்கி நின்றுகொண்டே எழுதினார். மதாம் அதைப் படித்து, தேதி போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். தேதி போட்டார்.

முதலில் இருக்கிறபடியே முழு நகல் எடுத்தார். பிறகு பழைய கணினியிலிருந்து பெயர்களை மட்டும் அட்டை எண்ணை வைத்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அவரவர் இடத்தில் உட்காரவைத்தார். வாழ்த்துச் செய்தி போகும் வழியை அதற்கு முன்பே அடைத்திருந்தார். பிறகு புதிய தரவுத்தளத்தின் பாஷையில் தன் விதியை எழுதினார்: தேடும்போது புள்ளியைப் பார்க்காதே, பெயரைத் தொடாதே. இரண்டு இடத்தில் இலக்கணம் உதைத்தது. ஹாஸெமிடம் கேட்டார், அவன் சொன்னான். அது அவனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்கு ஃபவ்ஸியும் முஸ்தஃபாவும் ஒரே வரிசையில் நின்று அட்டை வாங்கினார்கள்.

அந்த மாதக் கடைசியில் ஹாஸெமின் நிறுவனத்துக்குக் கேடயம் கொடுத்தோம். மாகாணத் தலைமையிடத்திலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்தார்; உத்தரவிட்டும் பழைய கணினியை ஏன் அழிக்கவில்லை என்று மதாம் அஃப்காரைக் கேட்க. படிவம் திரும்பி வரவில்லை என்றார் மதாம். எங்கே போயிற்று என்று தேடினால், பாஷாவின் கையெழுத்துக்காக பாஷாவின் மேசையிலேயே கிடந்தது. அதிகாரி இரண்டு தேநீர் குடித்துவிட்டு, பாஷா, மதாம் இருவருக்கும் ஆளுக்கொரு கண்டிப்புக் கடிதம் எழுதினார். மதாமுடையது மட்டும் கோப்பில் ஏறியது.

மறுநாள் அவர் இரண்டு வார விடுப்பு கேட்டார், ஆறு வருடத்தில் முதல் தடவையாக. ராஸ் எல்-பர் கடற்கரையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறாராம். பாஷா கையெழுத்துப் போட்டார், பயந்துகொண்டேதான் போட்டார்.

மூன்றாம் நாள் திரையில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை வந்தது. எங்களுக்குப் புரியவில்லை. அட்டைகள் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தன. ஆனாலும் பாஷா கீழே வந்து, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தச் சமயத்தில் ஹாஸெம் அழைத்தான். தன் திரையிலும் அது தெரிகிறது, பாஷா சொன்னால் உடனே ரயிலேறி வருகிறேன் என்றான்.

“வேணாம்ப்பா” என்றார் பாஷா. “நீ அங்கயே இரு. எங்க சிஸ்டத்துக்கு இப்போதைக்கு அதுதான் பாதுகாப்பு.”