கொசு உட்காராத இடம்

பெருந்தொற்றின் இரண்டாம் வருஷத்தில் கொசுக்கள் ஊரில் பாதிப் பேரைக் கடிப்பதை நிறுத்திக்கொண்டன. காய்ச்சல் வந்து பிழைத்தவர்களிடமும், தடுப்பூசி உடம்பில் பிடித்தவர்களிடமும் ஒரு சாண் தூரம்வரை வந்து, யோசித்து, திரும்பிப் போயின. வீடு வீடாக ரத்தம் எடுத்து எத்தனை பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்த சுகாதாரத் துறை, தன் முடிவும் கொசுக்களின் முடிவும் ஒன்றாக இருக்கக் கண்டு, ரத்தம் எடுக்கும் குழாய்களை மூட்டை கட்டியது. அதன்பின் ஆலை, வங்கி, பள்ளிக்கூடம் எல்லாவற்றின் வாசலிலும் ஒரு கண்ணாடிப் பெட்டியில் நாலைந்து கொசு இருந்தது. கையை உள்ளே விட வேண்டும். கொசு உட்காராவிட்டால் நாம் உள்ளே போகலாம். நோயே பொய் என்று சத்தம் போட்டவர்களும் வரிசையில் நின்று கையை விட்டார்கள். நோய் கண்ட வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள் அதே வீட்டில் சம்பந்தம் பேசினார்கள். சிலர் கையில் மண்ணெண்ணெய் தடவிக்கொண்டு வந்து, வாடையில் மாட்டிக்கொண்டார்கள்.

கொசுக்கள் குறையவில்லை, இடம்தான் மாறுகின்றன என்பதை முதலில் கவனித்தவள் கொசுவலை தைக்கும் கடையில் வேலை பார்த்த ஒருத்தி. வலைக்காரி என்றால் எல்லாருக்கும் தெரியும். ஒருவருக்குச் சக்தி வந்ததும் அவர் பங்குக் கொசு, சக்தி இல்லாத அடுத்த ஆளிடம் போய்ச் சேர்ந்தது. மிச்சமிருந்தவர்கள் கடி தாங்காமல் ஓடிப்போய் ஊசி போட்டுக்கொண்டார்கள். கடைசியில் மிஞ்சியது ஒரே ஆள், வலைக்காரியின் கணவர்.

அவர் பல் செட் கட்டுகிறவர். சிறுநீரகம் கெட்டுப்போய், அவள் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்துப் பிழைத்தவர். வந்த சிறுநீரகத்தோடு உடம்பு சண்டைக்குப் போகாமலிருக்க வேளை தவறாமல் மாத்திரை உண்டு. சண்டையே மறந்துபோன அந்த உடம்பு, இரண்டு ஊசி போட்டும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. யார் வந்தாலும் வா, உட்கார் என்றது. ஊர்க்கொசு மொத்தமும் அவர் கூரைக்கு மேல் கறுப்புத் தூணாக நின்றது. வெளியூர்ப் பேருந்துகள் அதை அடையாளம் வைத்துத் திரும்பின. ஏழு வலைகளை ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டி, நடுவில் உட்கார்ந்து அவர் கட்டுப்பற்களை அரம் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்படியும் கொசு உள்ளே வந்தது. ரத்தம் குறைந்து அவர் கண்ணிமையின் உட்புறம் வெளுத்துக்கொண்டே போனது. அடிவயிற்றின் வலப்பக்கம், அவளுடைய சிறுநீரகம் இருந்த உள்ளங்கை அகலத்தில் மட்டும் ஒரு கொசுவும் உட்காரவில்லை. அவள் தினமும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

ஊர் ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்கியது. இப்படிப்பட்ட உடம்புகளுக்கென்று மூன்றாவது ஊசி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு அவள் சுகாதார நிலையத்துக்கு நடையாய் நடந்தாள். ஸ்டாக் இல்லை என்றார்கள். குளிர்பெட்டியின் கண்ணாடிக் கதவு வழியே அடுக்கடுக்காக மருந்து தெரிந்தது. ஒரு நாள் தெருச் சங்கத் தலைவர் வாசலுக்கு வந்தார்.

"தங்கச்சி, சுத்தி வளைக்கல. மச்சானுக்கு ஊசி போட்டுட்டா இதெல்லாம் எங்க போகும்?" என்று மேலே கை காட்டினார்.

"எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

"அதான் சொல்றேன். வீட்டுல பேரப்புள்ள இருக்கு."

வலைகளுக்குள்ளிருந்து குரல் வந்தது. "மாசச் சம்பளம் போட்டுத் தரச் சொல்லு. கொசு மேய்க்கிற வேலை, லீவும் கிடையாது."

தலைவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊசி ஏன் வரவில்லை என்பது வலைக்காரிக்கு அப்போது புரிந்தது. எட்டாவது வலைக்குத் துணி அளந்தாள். தூணின் ரீங்காரம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

சில நாள் கழித்து, விளக்குப் போடும் நேரத்தில், எட்டாவது வலையைத் தைத்துக்கொண்டிருந்தவளின் மணிக்கட்டில் ஒரு கொசு உட்கார்ந்தது. அடிக்க ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அவளுடைய சக்தி வடிந்துவிட்டது. இனி அவள் மூச்சே அவருக்கு ஆபத்து. கடை வாசல் கொசுப் பெட்டியில் கையை விட்டால் வேலையும் போச்சு. கொசு வயிறு நிறையக் குடிக்கும்வரை அவள் அசையாமல் யோசித்தாள். அவள் ஊசி போட்டுக்கொண்ட அதே வாரத்தில்தான் ஊரில் முக்கால்வாசிப் பேர் போட்டுக்கொண்டார்கள். ஊரும் வடிந்துகொண்டிருக்க வேண்டும். கடிபட்டவர்கள் வெளியே சொல்லாமல் சொறிந்துகொண்டிருக்க வேண்டும். முகமூடியைக் கட்டிக்கொண்டு அன்று அவருடைய பல் பட்டறை அறையில் தனியாகப் படுத்தாள்.

காலையில் அவரை வலையால் போர்த்திச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாள். தூண் அவர் தலைக்கு மேல் கூடவே நடந்தது. கதவைத் திறந்த நர்ஸ், "ஸ்டாக்..." என்று ஆரம்பித்து, முழங்கையைச் சொறிந்தாள்.

"உங்களையுமா சிஸ்டர்?"

நர்ஸ் சட்டைக் கையைக் கீழே இழுத்தாள். "மெதுவா பேசுங்க. நேத்துலேர்ந்துதான்."

"விஷயம் தெரிஞ்சா மத்தியானத்துக்குள்ள தெருமுனை வரைக்கும் வரிசை நிக்கும். அப்ப இவருக்கு யாரு சிஸ்டர் வழி விடுவா?"

நர்ஸ் வாசல் கதவைச் சாத்தினாள். பிறகு குளிர்பெட்டியைத் திறந்தாள். முதலில் அவருக்குப் போட்டாள், அடுத்து வலைக்காரிக்கு, கடைசியாகத் தன் கையாலேயே தனக்கு.

மத்தியானம் வங்கி வாசல் பெட்டியில் சங்கத் தலைவரின் கைமேல் கொசு உட்கார்ந்தது. பெட்டியில் கோளாறு என்றார் அவர். வேறு பெட்டி வந்தது, அதிலும் உட்கார்ந்தது. அதற்குள் தூண் நூல் நூலாகப் பிரிந்து வீடு வீடாக இறங்கத் தொடங்கியிருந்தது. ஊசிக்கு நின்ற வரிசை தெருமுனையைத் தாண்டியது. ஊரையே வெளியே நிறுத்த முடியாதென்பதால் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள்.

வலைக்காரி மட்டும் காத்திருந்தாள். இந்தத் தடவையாவது அந்த உடம்பு கற்றுக்கொள்ளுமா என்று தெரியவில்லை. தினமும் அந்த உள்ளங்கை அகலத்தில் கை வைத்தாள், மாற்றமில்லை. ஒரு நாள் காலையில் ஒரு விரற்கடை கூடியிருந்தது. அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மழை தொடங்குவதற்குள் கொசு உட்காராத இடம் மார்பைத் தாண்டிக் கழுத்துவரை ஏறி, கைகால்களிலும் இறங்கிவிட்டது. இடது காதுமடல் மட்டும் பாக்கி. அங்கே மாலையில் ஒரே ஒரு கொசு வந்து உட்காரும்.

"இருந்துட்டுப் போகட்டும், பழகின கொசு" என்று சொல்லிவிட்டு அவர் கட்டுப்பற்களைத் தேய்ப்பார். வலைக்காரி நிமிர்ந்து பார்க்க மாட்டாள். சங்கத் தலைவர் வீட்டுக்கு நாலு வலை, தொட்டிலுக்கு ஒன்று, தைத்து முடிக்க வேண்டியிருந்தது.